தம்பிக்கு, பலாப்பழத்தோடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் உனக்குப் பிடிக்காது, ‘போன் பண்ணும்மா’ என்பாய். போனில் பேசினால் நாலு நிமிஷத்தில் ‘சரிம்மா, மீட்டிங் இருக்கு’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி. சாப்பிட்டுவிட்டு என்றால் 11 மணிக்கு இல்லை, நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் பலாப்பழ விஷயம். பண்ருட்டியிலிருந்து மாமா இரண்டு பழம் கொடுத்தனுப்பினார். ஒன்றை வெட்டிவிட்டோம், சுளை அத்தனை இனிப்பு, உன் அப்பா சர்க்கரையை மறந்து ஆறு சுளை தின்றார், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இன்னொன்றைச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கிளாம்பாக்கத்தில் போய் வாங்கிக்கொள். முன்னே மாதிரி கோயம்பேடு இல்லை என்று உன் அப்பாவுக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று.

பாப்பாவைப் புதுநன்மை வகுப்பில் சேர்த்துவிடு, அவளும் முதல் தடவையாகப் பூசையில் நன்மை அப்பம் வாங்கட்டும். நாலாவது முடித்துவிட்டாள், வயது ஒன்பதாகிறது, அவளோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அவளைத் திட்டாதே, நானாகத்தான் கேட்டேன். உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீ பூசைக்குப் போகிறாயா இல்லையா என்று நான் கேட்டிருக்கிறேனா இத்தனை வருஷத்தில்? கேட்டதில்லை. ஈஸ்டருக்கு வந்தபோதுகூட நாங்கள் எல்லோரும் உள்ளே போக, நீ வாசலில் எங்களை இறக்கிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு சில்வர் பீச்சுக்குப் போய்விட்டாய். ஈஸ்டர் ராத்திரி 11 மணிக்குக் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனை என்ன சொல்ல. நான் ஒன்றும் சொல்லவில்லை. திரி மாற்றித் திரி ஏற்றும்போது எனக்குப் பக்கத்தில் உன் இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாப்பா ஒன்று கேட்டாள், உனக்குத் தெரியாது. பூசை முடிந்து வெளியே வந்து, செருப்பு மாட்டிக்கொண்டே கோவில் கதவை நிமிர்ந்து பார்த்து, “ஆயா, இவங்கதானே அப்பாவை உள்ள விட மாட்டேன்னு சொன்னாங்க?” என்றாள். எந்த அப்பாவை, என்ன கதை என்றேன். “கொள்ளு ஆயா செத்தப்ப. மெட்ராஸ்லேர்ந்து யாரும் வரக்கூடாதுன்னு கோவில்ல சொன்னாங்களாமே” என்றாள். பக்கத்தில் நாலு பேர். நான் அவளுடைய செருப்பு வாரை இழுத்துப் போட்டுவிட்டு, “வா, பசிக்கும், கேக் இருக்கு” என்று கூட்டி வந்துவிட்டேன்.

ஞாயிறு ராத்திரி நீங்கள் கிளம்பிப் போனீர்கள். திங்கட்கிழமை மத்தியானம் போப்பாண்டவர் இறந்த செய்தி. சாயங்காலம் டிவியில் அவருடைய பழைய காட்சிகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020 மார்ச் 27-ல் யாருமே இல்லாத அந்தப் பெரிய சதுக்கத்தில் மழையில் தனியாக நடந்து வந்தாரே, அதையும் போட்டார்கள். நமக்கு அப்போது ராத்திரி பத்தரை. உன் ஆயா தூங்காமல் உட்கார்ந்து பார்த்தார். 1522-ல் கொள்ளைநோய் வந்தபோது ரோமாபுரித் தெருவெல்லாம் தூக்கிப் போன சிலுவை அது என்று டிவியில் சொன்னார்கள். ஆயாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “பாவம் அந்த மனுஷன் வயசானவரு, ஒரு குடை புடிக்க ஆளில்லையா” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதை மறுபடி பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அன்றிலிருந்து எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதாமல், பலாப்பழம் வரைக்கும் வந்துவிட்டேன்.

அந்த வருஷம் நீ இங்கே இல்லை. நடந்தது பாதிதான் உனக்குத் தெரியும். மார்ச் 15 ஞாயிறுதான் ஆயா கடைசியாகக் கோவிலில் பூசை பார்த்தது. நன்மையைக் கையில்தான் வாங்க வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தார்கள், ஆயாவா கேட்பார், நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். ஃபாதர் ஒரு நொடி தயங்கிவிட்டு நாக்கிலேயே வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு மக்கள் ஊரடங்கு, அதற்கப்புறம் எல்லாம் அடைத்தாகிவிட்டது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, நம்ம தென்னையில் குருத்து வெட்டி ஆயாவே சிலுவை முடைந்து வாசலில் கட்டினார். அன்று ராத்திரிதான் 9 மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னார்கள். “குருத்தோலைக்கு மெழுகுவத்தியா, நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தார்.

பெரிய வெள்ளிக்கும் டிவிதான். மாதா டிவி பூசைக்கு ஆயா குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, முக்காடு போட்டு, டிவி முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார். ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது யாரும் நடக்கக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது. உன் அப்பா ஒருநாள் செருப்போடு ஹாலுக்குள் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். நன்மை நேரத்தில் மட்டும் ஆயா கண்ணை மூடிக்கொண்டு வாயை லேசாகத் திறப்பார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோவிலில் ஃபாதரும் கோவில்பிள்ளையும் மட்டும்தான். ஆனால் மூன்று வேளையும் மணி அடித்தது. மணிச் சத்தம் கேட்கிற வரைக்கும் பரவாயில்லை என்று ஆயா சொல்வார். ஜூன் 8-ல் பாண்டிச்சேரியில் கோவிலெல்லாம் திறந்துவிட்டார்கள், நம்ம கடலூர்ப் பக்கம் திறக்கவில்லை. ஒரே மறைமாவட்டம், நடுவில் முள்ளோடை செக்போஸ்ட். “எங்க மாதா கோவில் தொறந்தாச்சு” என்று உன் அத்தை அரியாங்குப்பத்திலிருந்து போன் பண்ணிச் சொன்ன அன்றைக்கு ஆயா சாப்பிடவில்லை. நமக்கு செப்டம்பர் 1-ல்தான் திறந்தது, அதற்குள் அவர் இல்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஃபாதர் வந்தார். அது உனக்குத் தெரியுமா? ஜூன் 20 சனிக்கிழமை மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்ததும் உன் அப்பா போன் பண்ணினார், அரை மணியில் ஃபாதர் முகக்கவசம், கையுறையோடு வந்து நின்றார். ஒரு பஞ்சில் அவஸ்தைப் பூசுதல் எண்ணெய் தொட்டு நெற்றியிலும் கையிலும் வைத்தார். ஆயாவுக்கு நினைவிருந்தது. “அவஸ்தை பூசியாச்சா?” என்று கேட்டார். மறுநாள் சூரிய கிரகணம், எதிர்வீட்டில் எல்லாக் கதவையும் அடைத்திருந்தார்கள், அதைப் பார்த்து, “சாமிக்குப் பூட்டு, சூரியனுக்கும் பூட்டா” என்றார். உன்னைக் கேட்டார். ‘வருவான்’ என்றேன். செவ்வாய் விடியற்காலை நாலரைக்கு அடங்கிவிட்டார்.

ஆறேகாலுக்கு நீ பேசினாய். தண்டையார்பேட்டை அப்போது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். 19-ம் தேதியிலிருந்து சென்னையை மறுபடி இறுக்கிப் பூட்டியிருந்தார்கள், ஆனால் சாவுக்கு இ-பாஸ் உண்டு, நண்பன் வண்டி தருகிறான், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கும். சென்னையிலிருந்து வருகிறவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று கோவிலில் முடிவு பண்ணிவிட்டார்கள், ஃபாதரே சொல்லிவிட்டார், நீ வந்தால் அடக்கத்துக்கே வரமாட்டார் என்றேன்.

அப்படி யாரும் சொல்லவில்லை தம்பி. கோவிலில் சொல்லவில்லை, ஃபாதர் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. “பேரன் வர்றானா? நாலு மணின்னு வெச்சிருக்கோம், லேட்டானா அஞ்சரை வரைக்கும் இருக்கலாம், கேட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில தள்ளி நின்னு பார்க்கட்டும்” என்றார். இருபது பேர் வரலாம் என்று விதி. எண்ணிப் பார்த்தேன், பதினாலு பேர்தான் இருந்தோம். உன் அத்தை முள்ளோடையில் போலீஸ்காரரிடம் செத்துப்போன தாயின் படத்தைப் போனில் காட்டி அழுது, செக்போஸ்ட்டை நடந்தே தாண்டி, இந்தப் பக்கம் யாருடைய மொபெட்டிலோ ஏறி வந்து சேர்ந்தார். மகள் அப்படி வந்தார். வளர்த்த பேரனை நான் நிறுத்திவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு உன் இ-பாஸ் அப்பா போனுக்கு வந்தது. போன் என் கையில் இருந்தது. ‘அவனுக்குப் பாஸ் கிடைக்கலையாம்’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அதை அழித்துவிட்டேன். உன் அப்பா அதையும் நம்பவில்லை, நீ முயற்சியே பண்ணவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் நினைக்கிறார். நீ ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதில்லை, அவர் ஏன் கோவில்காரர்களோடு சண்டை போடவில்லை என்று நீ கேட்டதில்லை, இரண்டு பேரும் கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொள்கிறீர்கள். நானும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்காகத்தான், அவ்வளவு தூரம் வண்டியில் வரவேண்டாமே என்றுதான், என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிப் பார்த்தேன். அது பொய். எனக்குப் பயம். மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பி வந்த நம்ம தெருப் பையனுக்கு வந்ததே, அவர்கள் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பால்காரர் பாக்கெட்டைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனார், அந்த அம்மாள் குடத்தோடு குழாய்க்கு வந்தால் எல்லோரும் விலகினார்கள். நானும் விலகினேன். அந்த ஸ்டிக்கர் நம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று இருந்தது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து அப்போது எட்டு மாசம். நீ வாசலில் வந்து நிற்கிற மாதிரி நினைத்தாலே எனக்குப் பதறியது தம்பி. பெற்ற பிள்ளையைப் பார்த்து.

பொய் சொல்லலாம் என்று யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. கோவில் பூட்டிக் கிடந்தது, எதைச் சொன்னாலும் அதன் மேல் போட வசதியாக இருந்தது. அப்புறம் நீ பூசைக்கே போவதில்லை என்று தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் போனது, இரண்டு போனது. அந்த ஃபாதரும் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவரைப் பற்றி நீ ஒருநாள் கேவலமாகப் பேசினாய், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமலேதான் இத்தனை ஞாயிறும் நன்மை வாங்கியிருக்கிறேன்.

கல்லறையில் எல்லோரும் ஒரு கை மண் போட்டோம். உன் பேரைச் சொல்லி அப்பா இன்னொரு கை அள்ளிப் போட்டார். கோபத்தோடுதான் போட்டார், ஆனால் போட்டார். அது உனக்குத் தெரிய வேண்டும்.

கோவில் திறந்த முதல் ஞாயிறு போனேன். தரையில் வட்டம் போட்டிருந்தார்கள், வாசலில் நெற்றிக்குக் காய்ச்சல் பார்க்கிற கருவி, தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது, ஒரு பெஞ்ச் விட்டு ஒரு பெஞ்சில் கயிறு கட்டியிருந்தார்கள். தூணோரம் ஆயா உட்காருகிற பெஞ்சிலும் கயிறு. அதைப் பார்த்து எல்லோரும் நான் மாமியாரை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை உனக்கு அனுப்பிவிட்டு, அவர் வாக்கிங் போய் வந்ததும் சொல்லப் போகிறேன். கத்துவார். கத்தட்டும். அவர் போன் பண்ணினால் எடு, ஆபீஸில் இருந்தாலும் எடு. எனக்கு நீ உடனே போன் பண்ண வேண்டாம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பண்ணு. புதுநன்மை வகுப்புக்கு இதைச் சொல்லி உன்னை மடக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. அது உன் இஷ்டம். ஆனால் பாப்பாவிடம் மட்டும் திருத்திச் சொல்லிவிடு. கோவில் இல்லை, ஆயாதான் என்று சொல். எந்த ஆயா என்று கேட்பாள், நான்தான் என்று சொல்.

பழம் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள் கிளாம்பாக்கம் வந்துவிடும். சாக்கில் உன் பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். இன்னும் இரண்டு நாள் பழுக்க வேண்டும், வாசம் வந்ததும் வெட்டு. கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள், இல்லாவிட்டால் பிசின் போகாது. கொட்டையை எறியாதே, குழம்பில் போடலாம், மருமகளுக்குத் தெரியும்.

அம்மா