வெஸ்ட் பேடன் ஹோட்டலின் கதையைச் சொல்லித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள பழைய ஹோட்டலைப் பற்றித் தமிழில் நான் எழுதிய சிறு நூல் அச்சாகிவிட்டது. அதற்குத் தோள்கொடுத்தவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, எங்களுக்கு ஹோட்டலைச் சுற்றிக்காட்டிய வழிகாட்டி அம்மையாருக்கு. லீ சின்க்ளேரின் பழைய ஹோட்டல் 1901 ஜூனில் தீக்கிரையானதும், ஓராண்டுக்குள் கட்டடக் கலைஞர் ஹாரிசன் ஆல்பிரைட் 200 அடி அகலக் குவிமாடத்தோடு வட்டமான புதுக் கட்டடத்தை எழுப்பியதும் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை. அந்த அம்மையார் அதோடு நிறுத்தவில்லை. 1932இல் ஹோட்டல் மூடப்பட்ட பிறகு நடந்ததைத்தான் அதிக நேரம் பேசினார். விற்க வழியில்லாமல் அப்போதைய உரிமையாளர் எட் பல்லார்ட் 1934இல் அதை ஒரே ஒரு டாலருக்குக் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையினரிடம் கொடுத்தார். அவர்கள் அதைப் பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடமாக்கி, ஆடம்பர அலங்காரங்களை எடுத்துவிட்டு, 1964 வரை அங்கே வாழ்ந்தார்கள். வளாகத்தில் இருக்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்கும் எங்களை அழைத்துப் போனார். என் நூலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அங்கிருந்து வந்ததுதான்.

கட்டடப் பொறியாளரான நண்பருக்கு அடுத்த நன்றி. அவ்வளவு பெரிய கூரை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு அவரைப் படுத்தியிருக்கிறேன். 24 எஃகு விலாக்கள் கூரையைத் தாங்குகின்றன, அவற்றின் அடியில் உருளைகள் இருக்கின்றன, வெயிலில் எஃகு விரியும்போது சுவரை இடிக்காமல் நகர்ந்துகொள்கின்றன என்று காகிதத்தில் படம் போட்டுப் புரியவைத்தார்.

அப்புறம் அந்த ஊர்ப் பெரியவர். 1991 ஜனவரியில், தண்ணீரும் பனிக்கட்டியும் தேங்கி வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. சொந்த வீட்டுச் சுவர் விழுந்ததுபோல அவர் அதை விவரித்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் இந்த நூலை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

சரிந்த கட்டடத்துக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, 1996இல் விலைக்கும் வாங்கிய, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இந்தியானா லேண்ட்மார்க்ஸ் அமைப்புக்கும், பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பித்த பில் குக், கெய்ல் குக் தம்பதிக்கும் ஒரு வாசகனாக என் வணக்கம். 2007இல் அது மறுபடி ஹோட்டலாகத் திறந்தது இவர்களால்தான். ஆனால் 1992இல், யாருமே அதைக் காப்பாற்ற முடியும் என்று நம்பாத நேரத்தில், ஒருவர் பெயரை வெளியிடாமல் 70,000 டாலர் கொடுத்தார். முட்டுக்கொடுக்கும் வேலைக்கு அந்தப் பணம் உதவியது. நூலை அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறேன்.

உதவிய அனைவருக்கும் பிரதிகள் தபாலில் வருகின்றன. தமிழ் படிக்கத் தெரியாத வழிகாட்டி அம்மையாருக்கும் பெரியவருக்கும், அவர்களைப் பற்றிய பக்கங்களை ஆங்கிலத்தில் எழுதி உடன் வைத்திருக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
நூலாசிரியர்