தாடையையும் தோளையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன அழுத்தம் பற்றி எழுதுபவர்கள் தியானம், ஜிம், நீண்ட விடுமுறை என்று பெரிய யோசனைகளாகவே தருகிறார்கள். அதற்கெல்லாம் நேரம் இல்லாதவர்கள்தானே அழுத்தத்தில் தவிக்கிறார்கள்!

இதைப் படிக்கும்போதே கவனியுங்கள்: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கின்றனவா? வாய் மூடியிருந்தாலும் பற்கள் தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. தோளை வேண்டுமென்றே இன்னும் உயர்த்தி, சில விநாடி இறுக்கி, அப்புறம் சட்டென்று விட்டுப் பாருங்கள். இறுக்கம் எது, தளர்வு எது என்பது அப்போதுதான் பிடிபடும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே இப்படியொரு பயிற்சி முறையை வகுத்துவிட்டார். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விட்டால், மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பும் சற்றுத் தணியும்.

போனை எடுக்கும் முன், படியேறும் முன் என்று வழக்கமான வேலையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஆனால் நாள் முழுக்க நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் பதற்றம்தான் கூடும். விடாத வலிக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்களேன்.

– ஒரு வாசகர்