48-இல் நிற்பது யார்?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பெரியவள் வேதியியல் எடுத்துவிட்டாள் என்று படித்ததும் சிரிப்புதான் வந்தது, வீட்டில் ஒருத்தர் பட்டது போதாதா! அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்கள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாயே, சொல்கிறேன். கந்தகம் உள்ள எதிர் அயனிகளை, அதாவது கூடுதலாக ஓர் எலெக்ட்ரானைச் சுமக்கும் துகள்களை, ஓசோனோடு மோதவிட்டு வினைவேகத்தை அளக்கிறேன். முறை பழசு, 1960-களில் அமெரிக்காவின் போல்டரில் ஃபெர்குசன் குழுவினர் வளர்த்தெடுத்தது: குழாயில் ஹீலியம் வேகமாக ஓடும், அயனிகள் அதோடு போகும், வழியில் ஓசோனை விடுவோம், கடைசியில் அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமானி மிச்சமுள்ளவற்றை எண்ணும். ஓசோனைக் கூட்டக் கூட்ட எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்பதிலிருந்து வேக மாறிலி, அதாவது வினை எவ்வளவு வேகம் என்று சொல்லும் எண், வந்துவிடும். ஓசோனை வாங்கி அடுக்கி வைக்க முடியாது, வேண்டும்போதுதான் தயாரிக்கணும், போகிற வழியிலேயே சிதையும், அதனால் உள்ளே விடும் இடத்தில் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கணும்.

ஆனால் என் தலைவலி அது இல்லை. கந்தகத்தின் நிறை 32, ஆக்சிஜன் 16, சரியாக இரண்டு மடங்கு. வெறும் கந்தக அயனியையே எடுத்துக்கொள். அது எலெக்ட்ரானை ஓசோனுக்குக் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளலாம். முதல் வழியில் ஓசோன் அயனி, 48. இரண்டாவதில் கந்தக மோனாக்சைடு அயனி, அதுவும் 48! எங்கள் நிறைமானிக்கு இரண்டும் ஒன்றுதான். எலெக்ட்ரான் நாட்டத்தை (எலெக்ட்ரானை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்ற அளவை) வைத்து ஊகிக்கலாம் என்றால் கந்தகத்துக்கு 2.077 எலெக்ட்ரான் வோல்ட், ஓசோனுக்கு 2.103, வித்தியாசம் அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் அளவுதான், அதை நம்பி என்ன சொல்வது?

ஐசோடோப்புதான், அதாவது ஒரே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுதான், காப்பாற்றுகிறது. இயற்கைக் கந்தகத்தில் 4 சதவீதத்துக்கு மேல் 34 நிறை உள்ளது. அதனால் 48-இல் கந்தகம் இருந்தால் 50-இல் நூற்றுக்கு நாலைந்து தெரியும், வெறும் ஓசோன் என்றால் ஒன்றுகூடத் தேறாது. அந்தக் குட்டி உச்சி இரைச்சலுக்கு மேலே தலைகாட்ட வேண்டுமே என்று ராத்திரி முழுக்க எண்ண விட்டுவிட்டு வருவேன். வேகம் அளப்பது சுலபம்தான் என்பேன், என்ன விளைந்தது என்று சொல்வதில்தான் இருக்கிறது வேலையே.

அடுத்து ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து வரும் அயனி, நிறை 33. அங்கேயாவது நிம்மதி என்று பார்த்தால் ஹைட்ரோபெராக்சைடு அயனியும் (ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்) 33-இல் வந்து உட்காரும். நாற்றம் வேறு.

ஊருக்கு வரும் தேதி முடிவானதும் எழுதுகிறேன், பெரியவள் எந்தக் காலேஜ் என்று நீ சொல்லவே இல்லையே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்