தரைப்பாலத்துக்கு ஓர் அளவுகோல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஓடம் விடுகிற ஆறல்ல வைகை. வற்றினால் மணலில் இறங்கி நடக்கலாம். பெருகினால் தென்கரை வேறு, வடகரை வேறு. 1889-ல் மதுரையில் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் திறந்த பிறகுதான் எந்த மாதமும் வண்டி கடக்க வழி பிறந்தது. ஆனால் யானைக்கல் போன்ற தரைப்பாலங்கள் இன்றும் பருவத்தின் கையில்தான் இருக்கின்றன.

சித்திரையில் அழகர் இறங்கத் திறக்கும் தண்ணீர் நாள் குறித்து வருகிறது. அதில் சிக்கல் இல்லை. ஐப்பசி, கார்த்திகைதான் கவலை. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆனால் மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. அந்தப் பக்கம் கனமழை பெய்தால், அணை மூடியிருந்தாலும் மதுரையில் வெள்ளம் வரும். அணை மட்டத்தை மட்டும் பார்த்துப் பாலத்தைத் திறந்து வைப்பது தவறு.

அடுத்தது ஆகாயத்தாமரை. மிதந்து வந்து பாலத்தின் கண்களை அடைத்துவிடுகிறது; கீழே போக வேண்டிய தண்ணீர் மேலே ஏறுகிறது. புரட்டாசி முடிவதற்குள் அதை அள்ளிக் கரையேற்ற வேண்டும். கம்பால் தள்ளிவிட்டால் அடுத்த பாலத்தில் போய் அடைத்துக்கொள்ளும்.

பாலத்தின் மேல் அரை அடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே ஆள் கால் ஊன்ற முடியாது. ஓர் அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. இது தெரியாமல்தான், "முழங்கால்கூட நனையவில்லையே" என்று டூவீலரை இறக்குகிறார்கள். நடுவில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டை அமுக்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஆள் கரையேற வேண்டும், வண்டி அப்புறம்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு அல்ல. ஒவ்வொரு தரைப்பாலத்திலும் இரு முனையிலும் நடுவிலும், பாலத்தின் தளத்தைச் சுழியமாக வைத்து அளவுக் கம்பம் நட வேண்டும். நீர் மூடினால் பாலத்தின் ஓரம் கண்ணுக்குத் தெரியாது. இரவில் சொல்லவே வேண்டாம். ஆகவே இருபுறமும் ஒளிரும் குச்சிகள் வேண்டும். தளத்தின் மேல் தண்ணீர் ஏறியவுடன் இரு கரையிலும் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால், எதிர்க்கரையிலிருந்து இறங்குபவர் நடு ஆற்றில் வந்துதான் அதை அறிவார்.

இப்படிக்கு,
ஆற்றோரக் குடியிருப்போர்,
செல்லூர், மதுரை