எண்ணெயை மூச்சில் ஏற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேப் (மின்சிகரெட்) கருவியில் ஆவியாக்கி உள்ளிழுக்கும் திரவத்தை வீட்டில் கலப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் அடிப்படைத் திரவங்கள் இரண்டில் புரொபிலீன் கிளைகால் இளகியது, வாசனையைச் சுமக்கும். தாவரக் கிளிசரின் கெட்டியானது, ஆவியைப் பெருக்கும் என்றவரை சரி. 'இயற்கை எண்ணெயும் சேர்க்கலாம்' என்ற வரியைப் படித்ததும் மருந்தாளுநரான எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் இரண்டும் நீரில் கரையும். எண்ணெய் கரையாது, நுரையீரலில் தங்கி அழற்சியை உண்டாக்கும். 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்போடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப்பொருள்தான். வெண்ணெய் வாசனை தரும் டைஅசிடைலை வயிறு ஏற்கும், நுரையீரல் ஏற்காது. திரவத்தில் சேர்க்கும் நிகோடினோ தோல்வழியே உடலில் ஏறும். (கையுறை பற்றி ஒரு சொல்கூட இல்லை!) கலக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அந்த எண்ணெய் வரிக்காவது நாளையே திருத்தம் வெளியிடுங்கள்.

– ஒரு மருந்தாளுநர்