விடைக்கு முன் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயற்பியல் கணக்கு என்றாலே பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பலர் கேள்வியை முழுதாகப் படிப்பதற்குள் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். உதவப்போகும் அண்ணன், அக்காக்களும் சந்தேகம் கேட்டவுடனே போட்டுக் காட்டிவிடுவதால் இந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்படுகிறது.

லிஃப்ட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலே ஏறும் லிஃப்டில் 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிற்கிறார். தளம் அவரைத் தாங்கும் விசை எவ்வளவு? நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி, 588 நியூட்டன் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் உண்டு. ஆளை மட்டும் தனியாக வரைந்து, புவி இழுப்பதற்குக் கீழே ஓர் அம்பு, தளம் தள்ளுவதற்கு மேலே ஓர் அம்பு போடச் சொல்லுங்கள். முடுக்கம் மேல்நோக்கி என்றால் மேல் அம்புதானே பெரிதாக இருக்க வேண்டும்? அப்புறம் 60 × (9.8 + 2) = 708 நியூட்டன் தானாக வரும்.

சரி, அதே லிஃப்ட் கீழே இறங்கும்போது 2 மீ/வி² வீதம் வேகம் குறைகிறது என்றால்? அப்போதும் 708 தான்; கீழே போகிற வேகம் குறைவதால் முடுக்கம் மேல்நோக்கியே இருக்கிறது. போகிற திசையும் முடுக்கத்தின் திசையும் ஒன்றே என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சூத்திர மனப்பாடம் இதற்கு உதவாது.

வகுப்புத் தேர்வுகளிலாவது, விடை தப்பாகப் போனாலும் சரியான விசைப்படத்துக்கு ஆசிரியர்கள் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

– இயற்பியல் பட்டதாரி வாசகர், திருச்சி