சோப்புக்கு மட்டும் தராசு

அன்புள்ள கண்ணு,

நீ கேட்ட ஆறு சோப்பையும் பார்சல் கட்டி வைத்துவிட்டேன். அதற்குள் "நானே காய்ச்சிப் பார்க்கட்டுமாம்மா?" என்று போனில் கேட்டுவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், நடுவில் பாப்பா வேறு கூப்பிடுவாள். அதனால் எழுதுகிறேன். இதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் ஒன்று. காய்ச்ச வேண்டியதே இல்லை. நான் செய்வது அடுப்பில்லாத முறை. டெல்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், அதை உருக்க மட்டும் கொஞ்சம் சூடு காட்டினால் போதும்.

சமையலில் நீ எப்போது அளவு கேட்டாலும் "பார்த்துப் போடு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அந்தக் கைப்பக்குவம் வந்துவிட்டது. சோப்பில் அது உதவாது, சாமி. இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் தராசு இல்லாமல் உட்காருவதில்லை. ஏன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ ஹாஸ்டலில் இருந்த வருஷம்தான் முதன்முதலில் செய்து பார்த்தேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு இவ்வளவு காஸ்டிக் சோடா, அதாவது எண்ணெயைச் சோப்பாக்கும் காரம், என்று குறிப்பு. காரத்தைச் சரியாக நிறுத்துவிட்டு, எண்ணெயை மட்டும் ஒரு லிட்டர் பாட்டிலில் இருந்து அப்படியே கவிழ்த்தேன். லிட்டரும் கிலோவும் ஒன்றுதானே என்ற நினைப்பு. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 910, 920 கிராம்தான் இருக்கும். கடையில் வாங்கும் லிட்டர் பாக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பான், எடுத்துப் பார். அந்த எண்பது, தொண்ணூறு கிராம் குறைந்ததால், பிடித்துக்கொள்ள எண்ணெய் இல்லாத காரம் சோப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. பத்தே நாளில் ஆசையாக எடுத்து முதல் சோப்பை அப்பத்தாவுக்குக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவர் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்துவிட்டது. ஒரு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் யார் கேட்டாலும் "வெயில் சூடு" என்றே சொல்லிவிட்டார். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதற்கப்புறம்தான் மகளிர் குழுவில் பயிற்சிக்குப் போனேன். ஒவ்வொரு எண்ணெயும் தனக்கென்று ஒரு அளவு காரம் கேட்கும் என்று அங்கேதான் புரிந்தது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெயைக் குறைத்து விளக்கெண்ணெயைக் கூட்டினால் காரமும் மாறியாக வேண்டும். ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று கைக்கு வந்ததை ஊற்றக் கூடாது.

உனக்காக அரைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50. முழுக் கணக்குப்படி காரம் ஏறக்குறைய 84 கிராம் வரும். நீ 77 கிராம்தான் போட வேண்டும். நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்திருக்கிறேன், அந்த எட்டுப் பங்கு எண்ணெய் சோப்பாக மாறாமல் தோலுக்கென்று மிச்சம் நிற்கும். தேங்காய் எண்ணெய் நுரையை அள்ளிக் கொடுக்கும், உப்புத்தண்ணீரிலும் நுரைக்கும், ஆனால் தனியாகப் போட்டால் தோலை வறட்டிவிடும். அங்கே உனக்குப் பனிக்காலத்தில் கால் வெடிக்கிறது என்றாயே, அதனால்தான் இந்தக் கலவை. தண்ணீர் 160 கிராம். அதையும் நிறுத்தே எடு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் வாங்கிக்கொள். ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு வேண்டும். காஸ்டிக் சோடா ரசாயனக் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்கு. சாக்கடை அடைப்புக்கு விற்கிற பொடியில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.

இனிமேல் சொல்வதை இரண்டு தடவை படி. பாப்பாவை மாப்பிள்ளையோடு வெளியே அனுப்பிவிட்டுத்தான் காரப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை. ஜன்னலைத் திறந்து வை. அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, காரம் அதை அரித்துப் பொங்கிவிடும். எவர்சில்வர்தான். தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கு. காரத்தின் மேல் தண்ணீரை ஒருநாளும் ஊற்றாதே, கொதித்து முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாத அளவு சுடும், நெடி வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். கையில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று எதையும் தேய்க்காமல் குழாயடியில் கால் மணி நேரமாவது காட்டு. கண்ணில் பட்டால் விடாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

மற்றதெல்லாம் சுலபம். இரண்டும் வெதுவெதுப்புக்கு வந்ததும் காரத் தண்ணீரை எண்ணெயில் ஊற்றிக் கலக்கு. கையால் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகும், ஹேண்ட் பிளெண்டரில் சில நிமிஷம். பஜ்ஜி மாவுப் பதம் வரும். கரண்டியிலிருந்து சொட்டுவது மேலே கோடாக நின்றால் அச்சில் ஊற்றிவிடலாம். பால் அட்டைப் பெட்டி போதும். துண்டு சுற்றி ஒருநாள் விடு. கெட்டியானதும் கையுறையோடு சோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, காற்று படும் இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கு.

பாப்பாவுக்கென்று மஞ்சள் போடலாமா என்று கேட்பாய். போட்டால் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிடும். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவக்கிற அதே கதைதான், இங்கே காரம். நாளாக நாளாகப் பழுப்பாகும். செம்பருத்தியும் அப்படித்தான், நிறம் நிற்காது. முதல் தடவை ஒன்றும் போடாதே. எனக்கு அந்த வெறும் எண்ணெய் மணமே போதும். தலைக்கு மட்டும் இதைப் போடாதே கண்ணு, உங்கள் கடினத் தண்ணீரில் முடி பிசுபிசுக்கும். அம்மாயி கடைசிவரை தலைக்கு அரப்பு இலைப் பொடிதான் தேய்த்தாள், முழங்கால் வரை முடி. ஒரு பொட்டலம் அரப்பும் எடுத்து வருகிறேன்.

எண்ணெயும் வாங்காதே. அப்பா நம் களத்துக் கொப்பரையை, கந்தகப் புகை காட்டாமல் வெயிலிலேயே காய வைத்து, நேற்றுத்தான் செக்கில் ஆட்டினார். இரண்டு லிட்டர் அனுப்புகிறார். நீ லிட்டரை மறந்துவிட்டு நிறுத்து ஊற்று.

ஊற்றிய சோப்பு ஆறு வாரம் காய வேண்டும். நான்கு வாரத்தில் தொடலாம் என்பார்கள், எனக்கு ஆறு. ஈரம் வற்றி இறுகினால்தான் குளிக்கும்போது கரைந்து ஓடாது. அப்பத்தாவுக்குக் கொடுத்த அவசரம் உனக்கு வேண்டாம். முதலில் நீ கை கழுவிப் பார், அப்புறம்தான் பாப்பா.

இந்த ஞாயிறு ஊற்றினாயானால் பட்டிப்பொங்கலுக்கு ஆறு வாரம் முடிகிறது. பொங்கல் கழிந்த வாரம் ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறுகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பையில் நான் சோப்பு வைக்கப்போவதில்லை.

அன்புடன்,
அம்மா